கேம்பருக்குள் கதகதப்பு: வாசகர் கேள்வி – பதில்

இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் பொருளும் மாறிவிடுகிறது. கோடையில் கூரைக் கசிவையும் டயரையும் பற்றிக் கேட்டவர்கள் இப்போது ஃபர்னஸையும் அதைத் தேவைக்கேற்ப இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும் பற்றிக் கேட்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம். வாகனத்தால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் கேம்பர் வண்டிகளான வட அமெரிக்க ட்ரெய்லர்களில் பரவலாக உள்ள, புரொப்பேனில் எரிந்து 12 வோல்ட் விசிறியால் சூடான காற்றைத் தள்ளும் ஃபர்னஸையே இங்கே குறிப்பிடுகிறோம்.

ஸ்காபரோ வாசகர்: 24 அடி நீளமுள்ள பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, அக்டோபரில் நன்றி நவிலல் நாள் விடுமுறைக்கு அல்கொன்குயின் பூங்காவுக்குப் போனோம். 20 பவுண்டு சிலிண்டர் இரண்டே இரவில் தீர்ந்துவிட்டது. ஃபர்னஸில் கோளாறா? புதிய ஃபர்னஸ் பொருத்தினால் செலவு குறையுமா?

கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 21,500 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் கிடைக்கும். 20 பவுண்டு நிறைந்த சிலிண்டரில் அப்படியானால் 4 லட்சத்து 30 ஆயிரம் பி.டி.யூ. இருக்கிறது. உங்கள் வண்டியின் அளவுக்கு 30,000 பி.டி.யூ. ஃபர்னஸ் இருக்கக்கூடும், அந்த எண், அது ஒரு மணி நேரத்தில் எரிக்கும் எரிவாயுவின் அளவைச் சொல்கிறது. ஆகவே இடைவிடாமல் எரிந்தால் ஒரு சிலிண்டர் 14 மணி நேரம்தான் வரும். மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை உள்ள 14 மணி நேரத்தில் ஃபர்னஸ் பாதி நேரம் மட்டுமே எரிந்தது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு இரவில் சிலிண்டர் காலியாவது கணக்குப்படி சரியே. போதாக்குறைக்கு, பழைய சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை வாங்கும் இடங்கள் பலவற்றில் 20 பவுண்டு சிலிண்டரில் 15 பவுண்டு அளவே நிரப்புகிறார்கள். உறையில் அச்சிட்டிருக்கும் எடையைப் படித்துவிட்டு வாங்குங்கள். எடை பார்த்து நிரப்பித் தரும் நிலையம் அருகில் இருந்தால் அங்கேயே போவது நல்லது.

புதிய ஃபர்னஸ் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வகை ஃபர்னஸ்கள் எரிவாயுவின் வெப்பத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் உள்ளே தந்து, மீதியைப் புகைக்குழாய் வழியே வெளியே விடுகின்றன. புதியதும் இதில் பெரிதாக வேறுபடாது. வீட்டு ஃபர்னஸைப் போல 95 சதவீதத் திறன் கொண்டது இந்தச் சந்தையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மிச்சப்படுத்த வேண்டியது உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத்தான்.

அந்த வெப்பம் முதலில் வெளியேறும் இடம் சன்னல். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர அடியில் இழக்கும் வெப்பத்தை இழக்க, ட்ரெய்லரின் மெல்லிய சுவருக்கே ஏழு சதுர அடி தேவைப்படும். 40 சதுர அடி சன்னல் இருக்கும் வண்டியில், அந்தச் சன்னல்கள் மட்டுமே 280 சதுர அடி சுவருக்குச் சமமாக வெப்பத்தை விடுகின்றன; அதாவது ஏறக்குறைய வண்டியின் நான்கு பக்கச் சுவர்களும் சேர்ந்து விடும் அளவு. ஆகவே பணமும் நேரமும் முதலில் சன்னலுக்குப் போகட்டும். வெள்ளித் தாள் ஒட்டிய குமிழித் தகடு வன்பொருள் கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. அதைச் சன்னலின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக வெட்டி, சட்டத்துக்குள் இறுக்கிச் செருகி, அதன் மேல் கனத்த திரையை இழுத்துவிட்டால் இரவில் பெரிய வேறுபாடு தெரியும். பகலில் வெயில் படும் பக்கத்துத் தகடுகளை எடுத்துவிடுங்கள். சூரியன் தரும் இலவச வெப்பத்தைத் தடுக்க வேண்டாம். கூரையில் உள்ள 14 அங்குலச் சதுர காற்றுத் திறப்புக்கு அளவாகத் தைத்த மெத்தைகள் விற்கின்றன. குளியலறைத் திறப்பைத் தவிர மற்றவற்றில் அவற்றைச் செருகலாம்.

அடுத்தது காற்றுக் கசிவு. காற்று வீசும் நாளில் எரிவாயு வால்வை மூடிவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சமையல் தொட்டியின் அடியில் குழாய் நுழையும் துளை, மின்கம்பி நுழையும் துளை, கதவின் ரப்பர், வண்டியை நிறுத்திய பின் பக்கவாட்டில் வெளியே தள்ளி விரிக்கும் அறையின் நான்கு மூலைகள் ஆகிய இடங்களில் மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புகை வளையும் இடத்தில் அடைப்பு தேவை. ஆனால் தரையில் எரிவாயு வெளியேறுவதற்காக விடப்பட்ட துளை, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கச் சல்லடை, ஃபர்னஸ் காற்றை உள்ளிழுக்கும் வாய் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. அவை தவறுதலாக விடப்பட்ட ஓட்டைகள் அல்ல.

ஹாமில்டன் வாசகி: ஃபர்னஸ் ஓடும்போது வியர்க்கிறது, நின்றதும் சிறிது நேரத்தில் குளிர்கிறது. தெர்மோஸ்டாட் சிறிய நெம்புகோல் உள்ள பழைய வகை. வீட்டில் மாற்றியபோது மிஞ்சிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கிறது. அதைப் பொருத்தலாமா?

நீங்கள் சொல்லும் குறைக்குப் பாதிக் காரணம் தெர்மோஸ்டாட். மீதிக் காரணம் வண்டியே. சிறிய இடத்துக்கு வலிமை மிகுந்த ஃபர்னஸ் என்பதால் உள்ளே சில நிமிடங்களில் வெப்பம் ஏறிவிடுகிறது. தெர்மோஸ்டாட் போதும் என்று சொன்ன பிறகும் ஃபர்னஸின் இரும்பு அறையில் தங்கிய சூட்டை வெளியேற்ற விசிறி இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் சுழல்கிறது. அந்தக் காற்றும் அறைக்குள்தான் வருகிறது. பழைய வகைத் தெர்மோஸ்டாட்டில் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று சூட்டில் வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கிறது. அது சாவகாசமாக வளைவதால், துண்டிப்பதற்கும் மறுபடி இணைப்பதற்கும் இடையே மூன்று நான்கு டிகிரி செல்சியஸ் வேறுபாடு எளிதில் வந்துவிடும். இதைக் குறைப்பதற்காகவே அதனுள் பட்டையை முன்கூட்டியே சூடாக்கும் சிறிய மின்தடை ஒன்று இருக்கிறது. மூடியைக் கழற்றினால் அதை நகர்த்தும் முள்ளைக் காணலாம். முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் ஃபர்னஸ் இன்னும் சீக்கிரம் நிற்கும். காசு செலவில்லாத இந்தத் திருத்தத்தை முதலில் செய்து, ஓரிரவு பாருங்கள்.

டிஜிட்டல் வகை நிச்சயமாக மேலானது. அரை டிகிரி முதல் ஒரு டிகிரிக்குள் பிடித்து நிறுத்தும். ஆனால் வீட்டுத் தெர்மோஸ்டாட் 24 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. ட்ரெய்லரில் ஓடுவது 12 வோல்ட் நேர்திசை மின்சாரம். உங்களிடம் இருப்பது தன் சொந்தப் பேனா பாட்டரியில் இயங்கி, உள்ளே ஒரு ரிலேயால் இரு கம்பிகளை இணைத்துப் பிரிப்பது மட்டுமே செய்யும் எளிய வகையானால், பெரும்பாலும் தடையின்றி வேலை செய்யும். இணையத்தோடு இணைவதும், ஃபர்னஸிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதுமான நவீன வகையானால் அது ட்ரெய்லருக்கு உதவாது. பழையதைக் கழற்றும்போது சுவரில் இரண்டு கம்பிகள் மட்டும் தெரிந்தால் துணிந்து செய்யலாம். கூரைக் குளிரூட்டியையும் சேர்த்து இயக்கும் பல கம்பிகளோ தொலைபேசிக் கம்பி போன்ற தட்டையான கம்பியோ தெரிந்தால், வண்டியைத் தயாரித்தவர்கள் குறிப்பிடும் மாதிரியைத்தான் வாங்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் 12 வோல்ட் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள்.

பொருத்திய பிறகு, எத்தனை டிகிரி குறைந்ததும் மறுபடி எரிய வேண்டும் என்ற அமைப்பை மிகச் சிறிதாக வைத்துவிடாதீர்கள். அரை டிகிரிக்கு ஒருமுறை ஃபர்னஸ் விழித்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் எரிவதற்கு முன்னும் அணைந்த பின்னும் விசிறி வீணாகச் சுழன்று பாட்டரியைத் தின்னும். அந்தச் சத்தத்தில் உறக்கமும் கெடும். ஒரு டிகிரி அல்லது ஒன்றரை டிகிரி போதும் என்பது என் கருத்து.

தெர்மோஸ்டாட் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சூடான காற்று வரும் வாய்க்கு நேராகவோ, தொலைக்காட்சிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பக்கத்திலோ, வெயில் விழும் இடத்திலோ இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அறையின் உண்மையான வெப்பத்தை அறியாது. உள்தடுப்புச் சுவரில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் பொருத்தமானது. கம்பி வரும் துளை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கருவியின் முதுகில் படுவதும் உண்டு. அந்தத் துளையில் சிறிது நுரையையோ களிம்பையோ வைத்து அடைத்தாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒட்டாவா வாசகர்: இரவில் தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால், காலையில் மறுபடி சூடேற்ற மிச்சப்பட்ட எரிவாயுவைவிட அதிகம் செலவாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. வண்டி இழக்கும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 0 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரியிலிருந்து 14 டிகிரிக்குக் குறைத்தால், அந்த நேரத்தில் இழப்பு 30 சதவீதம் குறைகிறது. காலையில் மறுபடி ஏற்றும்போது செலவாவது, இரவில் வண்டி குளிர்ந்தபோது கொடுக்காமல் விட்ட வெப்பமே. இடையில் மிச்சமானது மிச்சம்தான். அதிலும் ட்ரெய்லருக்குக் கல்வீட்டைப் போலச் சூட்டைத் தேக்கிவைக்கும் கனம் இல்லாததால், கால் மணி நேரத்தில் வெப்பம் மீண்டுவிடும்.

ஆனால் ஃபர்னஸை அறவே அணைத்துவிட்டுப் படுப்பதையும் 10 டிகிரிக்குக் கீழே இறக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். சுவரும் மெத்தையின் அடிப்பகுதியும் குளிர்ந்தால் மூச்சின் ஈரம் அங்கே படிந்து பூசணம் பிடிக்கும். 13 முதல் 15 டிகிரி வரை வைத்துக்கொண்டு நல்ல போர்வையில் செலவு செய்வது புத்திசாலித்தனம். வெளியே உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும் இரவுகளில் இந்தச் சலுகையும் கிடையாது. ஏன் என்பதை விண்ட்சர் வாசகருக்கான பதிலில் காணலாம். கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குளிர்காலத்தில் வீட்டினுள் பாதுகாப்பானதாகக் குறிக்கும் 18 டிகிரியை ட்ரெய்லருக்கும் எல்லையாகக் கொள்ளுங்கள். எரிவாயுச் சிக்கனத்தை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மிசிசாகா வாசகர்: மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கினோம். படுக்கும்போது நன்றாக ஓடிய ஃபர்னஸ், அதிகாலை மூன்று மணிக்குக் குளிர்ந்த காற்றை மட்டும் ஊதியது. சிலிண்டரில் எரிவாயு இருந்தது. காலையில் காரை இணைத்து ஓடவிட்டதும் தானாகச் சரியாகிவிட்டது. பழுது பார்ப்பவர் ஃபர்னஸின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்ற வேண்டும் என்கிறார்.

பலகையை மாற்றுவதற்கு முன் பாட்டரியைச் சோதியுங்கள். காரை இணைத்ததும் சரியானது என்று நீங்கள் எழுதியிருப்பதே விடையைச் சொல்லிவிடுகிறது.

தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். முதலில் விசிறி சுழன்று, எரியும் அறையில் தங்கிய பழைய வாயுவை வெளியேற்றுகிறது. விசிறியின் காற்று போதிய வேகத்தில் வந்தால் மட்டும் அந்தக் காற்றில் ஒரு சிறிய தகடு நகர்ந்து சுவிட்சை மூடுகிறது. இதைச் செயில் சுவிட்ச் என்பார்கள். அது மூடினால்தான் எரிவாயு வால்வு திறக்கும், தீப்பொறி விழும். சில நொடிகளுக்குள் சுடர் தெரியாவிட்டால் பலகை வால்வை மூடிவிட்டு மறுபடி முயலும். வழக்கமாக மூன்று முயற்சிக்குப் பின் நின்றுவிடும். இப்போது பாட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறி சுழலும், ஆனால் மெதுவாக. தகடு நகராது, வால்வு திறக்காது. உங்கள் காதுக்கு ஃபர்னஸ் ஓடுவது போலத் தோன்றும். வருவதோ குளிர்ந்த காற்று. பாட்டரியின் கடைசிச் சொட்டையும் அந்த வீண் சுழற்சி குடித்துவிடும்.

இதையும் கணக்கிடலாம். இந்த அளவு ஃபர்னஸின் விசிறி 7 ஆம்ப் எடுக்கிறது என்று கொள்வோம். இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் சுழன்றால் 35 ஆம்ப்-மணி. ட்ரெய்லரோடு தரப்படும் ஒற்றை ஈய-அமிலப் பாட்டரி சுமார் 75 ஆம்ப்-மணி கொண்டது. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். குளிரில் அதன் கொள்ளளவும் இறங்குகிறது. அதற்குள் விளக்கு, தண்ணீர் மோட்டார், கைபேசி எல்லாம் பங்கு கேட்கின்றன. ஆகவே ஓர் இரவுக்கே இழுத்துப்பறித்துத்தான் போதும்; இரண்டாம் இரவுக்குப் போதாது. அக்டோபர் மாதச் சாய்வான வெயிலில் கூரைச் சூரியத் தகடு இதை ஈடுகட்டும் என்று நம்பாதீர்கள்.

இரண்டாவது பாட்டரி சேர்ப்பது எளிய வழி. 100 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வகையை 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் பழுதாகும் என்பதால் அதை வண்டியின் மூக்கில் உள்ள பெட்டியில் வைக்காமல் உள்ளே, கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். முன்பு சொன்ன சன்னல் தகடும் துளை அடைப்பும் இங்கேயும் பயன் தருகின்றன; ஃபர்னஸ் குறைவாக எரிந்தால் விசிறியும் குறைவாகச் சுழலும்.

பாட்டரி முழுதாக இருக்கும்போதும் இதே குறை வந்தால் முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பு சரியாக எரிந்தால் எரிவாயு வருகிறது என்று பொருள். பிறகு செயில் சுவிட்சில் முடியோ தூசியோ சிக்கியிருக்கலாம். வெளிச்சுவரில் உள்ள புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கலாம். கோடை முழுவதும் சும்மா நின்ற வண்டிகளில் இரண்டாவது காரணம் அடிக்கடி நிகழ்கிறது. வெளியிலிருந்து ஒரு கைவிளக்கால் பார்த்தாலே தெரியும். ஃபர்னஸின் எரியும் அறைக்குள் கைவைக்கும் வேலையை உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

விண்ட்சர் வாசகர்: மின் இணைப்பு உள்ள இடத்தில் வாடகையிலேயே மின்சாரம் அடங்கியிருக்கிறது. சிறிய மின் ஹீட்டர் ஒன்றை வைத்து ஃபர்னஸை முழுவதும் நிறுத்திவிட்டால் என்ன?

10 டிகிரி குளிரில் தாராளமாகச் செய்யலாம். உறைநிலைக்குக் கீழே போகும் இரவில் செய்தால் காலையில் குழாயில் தண்ணீர் வராது.

பல ட்ரெய்லர்களில் தண்ணீர்க் குழாய்களும் தொட்டிகளும் தரைக்குக் கீழே மூடிய அறை ஒன்றில் இருக்கின்றன. ஃபர்னஸிலிருந்து ஒரு சிறிய காற்றுக்குழாய் அந்த அறைக்கும் போகிறது. ஃபர்னஸ் எரியும்போதெல்லாம் உங்கள் பாதத்துக்குக் கீழே தண்ணீரும் சூடு பெறுகிறது. நீங்கள் மின் ஹீட்டரை மட்டும் நம்பினால், மேலே அறை 20 டிகிரியில் இதமாக இருக்கும். தெர்மோஸ்டாட்டுக்கு ஃபர்னஸைக் கூப்பிட வேலையே இராது. கீழே குழாய் உறைந்து வெடிக்கும். ஒரு 1,500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தருவது சுமார் 5,100 பி.டி.யூ. மட்டுமே. அந்த அளவை எந்த விலை உயர்ந்த ஹீட்டராலும் மீற முடியாது, ஏனெனில் சுவர் இணைப்பு அனுமதிக்கும் எல்லை அது.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரி. ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து தள்ளி, வண்டியின் மறுகோடியில் வையுங்கள். அருகில் வைத்தால் தெர்மோஸ்டாட் ஏமாந்துபோகும். ஹீட்டர் ஓரளவுக்குச் சூடேற்றட்டும். ஃபர்னஸின் தெர்மோஸ்டாட்டை அறையின் வெப்பத்துக்கு ஒரு டிகிரி மட்டும் கீழே வைத்தால், குளிர் ஏறும் நள்ளிரவில் அது அவ்வப்போது எரிந்து கீழ் அறையையும் காப்பாற்றும். வெளியே −5 டிகிரிக்குக் கீழே போகும் என்று அறிவித்திருந்தால் ஹீட்டரை அணைத்துவிட்டு ஃபர்னஸிடமே பொறுப்பை விடுங்கள். சமையல் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பதும், வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குழாயை மாலையிலேயே கழற்றிவிட்டு வண்டியின் சொந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்துவதும் கூடுதல் காப்பு.

ஹீட்டர் ஒன்றே 12.5 ஆம்ப் இழுக்கும். 30 ஆம்ப் இணைப்பில் அதோடு மைக்ரோவேவும் வெந்நீர்க் கொதிகலனும் ஓடினால் பிரேக்கர் விழும். மெல்லிய நீட்சிக் கம்பியில் ஹீட்டரை இணைக்கவே கூடாது. ஒரு மணி நேரம் ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். கூரைக் குளிரூட்டியில் வெப்பம் தரும் வசதியும் உள்ளவர்கள், அது சுமார் 4 டிகிரிக்குக் கீழே பயன்படாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிரம்டன் வாசகி: என் மாமியார் குளிர் தாங்காமல் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்து வைக்கிறார். சன்னலெல்லாம் தண்ணீர் வடிகிறது. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அத்தையிடம் வடியும் தண்ணீரைக் காட்டியே சொல்லுங்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உருவாகிறது. ஃபர்னஸின் எரியும் அறை முற்றிலும் மூடப்பட்டது. காற்றை வெளியிலிருந்தே எடுத்து, ஈரத்தையும் புகையையும் வெளியிலேயே விடுகிறது. அடுப்போ எல்லாவற்றையும் அறைக்குள் விடுகிறது. அறையின் ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் உறக்கமும்தான் அறிகுறி, அவையும் உறங்குபவருக்குத் தெரியாது. அடுப்பு சமையலுக்கு மட்டும், அதுவும் சன்னலைச் சற்றுத் திறந்து விசிறியைப் போட்டுக்கொண்டு. இதில் பெரியவர் என்று விட்டுக்கொடுக்க இடமில்லை.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பின்புறம் அதன் ஆயுள் முடியும் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் அதை இன்றே பாருங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் அதற்கான கருவி தரையை ஒட்டியே இருக்கும். அது அடிக்கடி ஒலிக்கிறது என்று துணியால் மூடுபவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். மாமியாருக்குக் குளிருக்கு 12 வோல்ட் மின் போர்வை ஒன்று வாங்கித் தரலாம், மின் இணைப்பு உள்ள இடமானால் தாராளமாக.

லண்டன் (ஒன்டாரியோ) வாசகர்: யாரும் படுக்காத அறையின் காற்றுவாய்களை மூடிவிட்டால் மற்ற இடம் சீக்கிரம் சூடாகுமா?

ஒன்றை மூடலாம், பலவற்றை மூடக் கூடாது. வெளியேற வழியில்லாத சூடு ஃபர்னஸுக்குள்ளேயே தேங்கி, அதிவெப்பத்தைத் தடுக்கும் சுவிட்ச் சுடரை அணைத்துவிடும். எத்தனை வாய்கள் திறந்திருக்க வேண்டும் என்பது ஃபர்னஸின் கையேட்டில் இருக்கிறது. காற்று ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகும் சல்லடையின் முன் செருப்பு, பை, நாய்ப் படுக்கை எதையும் வைக்காதீர்கள். படுக்கைக்கு அடியில் ஓடும் வளையும் காற்றுக்குழாய் பெட்டிகளால் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசி அறை சூடாகவில்லை என்ற குறைகளில் பல அங்கேதான் இருக்கின்றன.

கல்கரி வாசகர்: ஜனவரியில் பான்ஃப் போய் டன்னல் மவுண்டன் முகாமில் இரண்டு இரவு தங்க விரும்புகிறோம். அங்கே −30 டிகிரி வரை போகலாம் என்கிறார்கள். ஃபர்னஸ் தாங்குமா?

ஃபர்னஸைவிட முதலில் சிலிண்டரைப் பற்றிக் கவலைப்படுங்கள். புரொப்பேன் −42 டிகிரியில் கொதிக்கும் திரவம். −30இல் அது ஆவியாவது மிக மந்தமாகிவிடும். உள்ளே திரவம் குறையக் குறைய ஆவியாகும் வேகமும் குறைகிறது. ஆகவே பாதி தீர்ந்த 20 பவுண்டு சிலிண்டர் அந்தக் குளிரில் ஃபர்னஸுக்குப் போதிய வாயுவைத் தராமல் போகலாம். 30 பவுண்டு சிலிண்டர்கள் இரண்டை நிரப்பிக்கொண்டு போங்கள், பாதி ஆனதும் மாற்றுங்கள். தீச்சுடரோ, இதற்கென அங்கீகரிக்கப்படாத எந்த மின்சூட்டுக் கருவியோ சிலிண்டரின் அருகே வரக் கூடாது.

வண்டியின் கீழே காற்று புகாதபடி நான்கு பக்கமும் பலகையாலோ கனத்த துணியாலோ தடுப்பு அமைத்தால் தரை வழி இழப்பு நன்றாகக் குறையும். பனி பெய்த பின் ஃபர்னஸின் புகைவாயைச் சுற்றி ஒவ்வொரு முறையும் வழித்துவிடுங்கள். பனி மூடிய புகைவாய் ஃபர்னஸை அணைத்துவிடும், அல்லது புகையை உள்ளே திருப்பும்.

எவ்வளவு அடைத்தாலும், நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று விற்கப்பட்ட வண்டியானாலும், −30இல் குழாயில் தண்ணீரை வைத்திருக்க முயல வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கிளம்புமுன் குழாய்களை வடித்து, ட்ரெய்லர்களுக்கென விற்கப்படும் புரொப்பைலீன் கிளைக்கால் உறைதடுப்பியை ஓடவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் உள்ளே குடங்களில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். முகாமில் சூடேற்றிய கழிப்பறை திறந்திருக்கிறதா என்று இடம் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபர்னஸ் உங்களுக்காக மட்டும் எரிந்தால் போதும் என்றாகிவிட்டால், இரவில் தெர்மோஸ்டாட்டை 13க்கு இறக்கவும் தடையில்லை.